சாட்சியைப் பேசவிடுங்கள்

வழக்காடு மன்றம் நடத்தவிருக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களே,

ஊரே இரண்டுபட்டு நிற்கும் பிரச்சினைகளை மேடைப் பேச்சாக விட்டுவிடாமல், குற்றச்சாட்டு, சாட்சி, ஆவணம், குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்று ஒரு வழக்காகவே நடத்திப் பார்க்க உங்கள் பல்கலைக்கழகங்களில் குழு அமைத்திருக்கிறீர்கள். சட்டம் படிப்பவர்களோடு வேளாண்மை, புள்ளியியல், இதழியல், சமூகப்பணி படிப்பவர்களும் சேர்ந்திருக்கிறீர்கள். நல்ல காரியம். நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கு இது வாய்க்கவில்லை. மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சிகளை விசாரித்தே தலை நரைத்த வழக்கறிஞன் நான். உங்கள் மன்றங்கள் சிலவற்றில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில் சிலவற்றை மனம்விட்டுப் பேச நினைக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை உங்கள் மன்றங்களில் வக்கீல்கள் அருமையாகப் பேசுகிறார்கள். சாட்சிகளைத்தான் வாய் திறப்பதற்குள் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறீர்கள். தொடக்க உரைக்கும் இறுதி வாதத்துக்கும் நேரத்தில் முக்கால்வாசி போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்தில் சாட்சி வந்து, எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டுப் போகிறார். குறுக்கு விசாரணை என்ற பெயரில் எதிர்த்தரப்பு இன்னொரு சொற்பொழிவு ஆற்றுகிறது. கைதட்டல் வாங்கும் கூட்டமாக அது முடிகிறதே தவிர, விசாரணையாக ஆவதில்லை.

பேச்சுக்கு நம்மிடம் என்றுமே பஞ்சமில்லை. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அந்த வழியில் வந்த கம்பன் விழா மேடைகள் வளர்த்தெடுத்த வடிவங்களில் பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் முக்கியமானவை. கைகேயி குற்றவாளி என்று ஒருவர் வழக்குத் தொடுப்பார், இன்னொருவர் மறுப்பார், நடுவர் தீர்ப்புச் சொல்வார். வாலியை மறைந்து நின்று கொன்றதற்காக இராமனும் அந்தக் கூண்டில் ஏறியிருக்கிறான். தமிழ் கேட்கும் காதுகளை ஊர் ஊராக உண்டாக்கிய மேடைகள் அவை. அவற்றின்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அங்கே ஒரு வசதி இருக்கிறது. சாட்சியம் முழுவதும் நூலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. இரு தரப்பும் அதே பாடல்களைத்தான் எடுத்தாள முடியும். மந்தரை வந்து பேசியபோது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று கைகேயியைக் கூண்டில் நிறுத்தி எவரும் கேட்க முடியாது.

நீங்கள் எடுக்கும் வழக்குகளுக்கு அப்படியொரு மூலநூல் கிடையாது. ஸ்டெர்லைட் ஆலை, கூடங்குளம் அணு உலை, ஜல்லிக்கட்டு, மரபணு மாற்றுப் பயிர் என்று எதைத் தொட்டாலும், யார் அளந்தார்கள், எதை அளந்தார்கள், யார் செலவில் அளந்தார்கள் என்பதிலேயே சண்டை தொடங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட வழக்குக்கும் தமிழில் ஒரு முன்னோடி உண்டு. மணிமேகலையைச் சொல்கிறேன். வஞ்சி நகரில் அவள் மாதவன் வடிவெடுத்து ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, ஒன்றை எதைக்கொண்டெல்லாம் அறியலாம் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறான்: காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி, ஒழிவறிவு எனப் பத்து அளவைகள். ஐதிகத்துக்கு அங்கே வரும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை நம்புவது. பின்னர் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கிறார். இத்தனை அளவைகள் வேண்டாம், காண்டலும் கருதலும் போதும் என்ற பௌத்த நிலையை எடுத்துச் சொல்லி, பழுதான காரணங்களையும் பொருந்தாத எடுத்துக்காட்டுகளையும் வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். கதைக்காகப் படிப்பவர்கள் தாண்டிப் போகும் பகுதி அது. உங்கள் குழுவில் ஒருவராவது உட்கார்ந்து அதைப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் பேய் இருக்கும் மரத்தைப் பற்றிய ஊர்ப்பேச்சை ஏற்பதில்லை. 55-ஆம் பிரிவின்படி வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும். பார்த்ததைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். காதால் கேட்டதைக் கேட்டவரே வந்து சொல்ல வேண்டும்.

சட்ட மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களுக்குக் கை பழகியது மூட் கோர்ட். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் அது பாடமாகவே இருக்கிறது. அங்கே சம்பவங்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டவை. மேல்முறையீட்டில் நிற்பதுபோலச் சட்டத்தை மட்டும் வாதாடுவீர்கள். இப்போது நீங்கள் நடத்தப்போவது விசாரணை நீதிமன்றம். என்ன நடந்தது என்பதே இங்கே கேள்வி. அமெரிக்கக் கல்லூரிகளில் 1985 முதல் மாக் டிரையல் என்ற மாதிரி விசாரணைப் போட்டிக்கென்றே ஓர் அமைப்பு இயங்குகிறது. ஒரே வழக்குக் கட்டு எல்லா அணிகளுக்கும் போகும். சாட்சிகளாக வருபவர்களும் மாணவர்களே, அவர்களுக்கும் மதிப்பெண் உண்டு. ஒவ்வோர் அணியும் இரு தரப்புக்கும் தயாராகியிருக்க வேண்டும். அவர்கள் கையாளும் வழக்கு கற்பனை. நீங்கள் நிஜத்தை எடுக்கிறீர்கள். அதனால் உங்கள் வேலை கடினம், பொறுப்பும் கூடுதல்.

ஒரு வழக்கை எடுத்துக்கொண்டே பேசுவோம். நான் நடுவராக இருந்த மன்றம் ஒன்றில் பி.டி. கத்தரிக்காயை விசாரித்தார்கள். மண்ணில் வாழும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து கிரை1ஏசி என்ற மரபணுவை எடுத்து, மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மஹிகோ நிறுவனம் கத்தரியில் சேர்த்தது. செடியைக் கடிக்கும் காய்ப்புழு செத்துப்போகும் என்பது கணக்கு. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகமும் இதில் பங்கேற்றன. கோ 2, எம்.டி.யு. 1 போன்ற நம்மூர் ரகங்களிலும் அந்த மரபணு ஏறியது. 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சாகுபடிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் உடனே அனுமதி தந்துவிடவில்லை. கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு என ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று வணிகச் சாகுபடியை நிறுத்திவைத்தார். மஹிகோவின் அதே மரபணுச் சேர்க்கையைத் தாங்கிய கத்தரிக்கு வங்கதேசம் 2013-இல் அனுமதி கொடுத்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுடன் சாகுபடியைத் தொடங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் தடை, அந்தப் பக்கம் விளைச்சல். இரு தரப்பிலும் படித்தவர்கள், நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். வழக்காட இதைவிட நல்ல விஷயம் கிடைப்பது அரிது.

ஆனால் தலைப்பில் கோட்டை விட்டால் எல்லாம் போயிற்று. ‘மரபணு மாற்றுப் பயிர் வரமா, சாபமா?’ என்று வைத்தால் எந்தச் சாட்சியாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்குமுன் எழுவினாக்களை வனைவோம். இரு தரப்பும் எதில் ஒத்துப்போகின்றன, எதில் முட்டுகின்றன என்று பிரித்து, முட்டும் இடத்தை மட்டும் கேள்வியாக எழுதுவது அது. கத்தரி வழக்கிலும் அதைச் செய்யுங்கள். 2009-இல் ஒப்புதல் குழுவின் முன் இருந்த ஆய்வுகள், இந்தக் காயை ஆயுள் முழுக்கச் சாப்பிடலாம் என்று சொல்லப் போதுமானவைதானா? மருந்துச் செலவு குறையும் என்பது வயலில் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறதா? பக்கத்து வயல்களின் நாட்டு ரகங்களோடு மகரந்தம் கலப்பதைத் தடுக்க வழி வைத்திருந்தார்களா? இப்படி உடைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் எந்தச் சாட்சி வேண்டும், எந்த ஆவணம் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? தீங்கு வரும் என்பவர் காட்ட வேண்டுமா, வராது என்பவர் காட்ட வேண்டுமா? இதை உங்கள் சொந்த மாநிலத்து வழக்கிலிருந்தே படிக்கலாம். பாலாற்றுப் படுகைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் சுமை தொழில் நடத்துபவருடையது என்றது. இந்தச் சுமையை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே சாட்சியங்களைக் கொண்டே தீர்ப்பு மாறும். உங்களில் பலர் இதை இறுதி வாதத்தில் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். தொடக்கத்திலேயே தனியாக வாதாடி, நடுவரிடம் கட்டளை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஆய்வுக் கட்டுரைகள். அதிநியத்தின் 39-ஆம் பிரிவு வல்லுநரின் கருத்தை ஏற்கிறது. ஆனாலும் வல்லுநர் தன் முடிவை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட முடியாது. அந்த முடிவுக்கு வந்த வழியை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். ‘ஓர் ஆய்வு சொல்கிறது’ என்று யாராவது தொடங்கினால், மேலே பேசவிடாதீர்கள். எத்தனை பேர்மீது, எவ்வளவு காலம், எதனோடு ஒப்பிட்டு, யார் பணத்தில் என்று கேளுங்கள்.

நிறுவனத் தரப்பு, எலிகளுக்கு இந்தக் கத்தரியை 90 நாள் கொடுத்துப் பார்த்த சோதனையைக் கொண்டுவரும். சோதனை யாருடைய செலவில் நடந்தது? நிறுவனத்தின் செலவில். மூலத் தரவு பொதுமக்கள் கைக்கு எப்போது வந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நீண்ட போராட்டம் நடந்த பிறகு. 90 நாளில் தெரியாத கோளாறு இரண்டு ஆண்டில் தெரிய வாய்ப்பு உண்டா? உண்டு என்றுதான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். 90 நாள் சோதனை உலகம் முழுக்க ஏற்கப்பட்ட முறை என்று மறு விசாரணையில் அவரது வக்கீல் நிறுவுவார். அதுவும் உண்மையே.

எதிர்த்தரப்பு பிரெஞ்சு அறிவியலாளர் செராலினியின் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வரும். 2009-இல் மஹிகோவின் தரவுகளைக் கடுமையாக விமர்சித்தவர் அவர். 2012-இல், மரபணு மாற்று மக்காச்சோளம் தின்ற எலிகளுக்குப் பெரிய பெரிய கட்டிகள் வந்தன என்று அவர் குழு வெளியிட்ட கட்டுரையின் படங்கள் உலகத்தையே சுற்றின. 2013 நவம்பரில் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2014-இல் வேறோர் இதழில் அது மறுபடி வந்தது. இந்தக் கட்டுரையைத் தாங்கி வந்த சாட்சியை ஒரு மாணவர் விசாரித்த விதத்தை அப்படியே தருகிறேன்.

‘ஒரு குழுவில் எத்தனை எலிகள்?’

‘பத்து.’

‘எந்த இனம்?’

‘ஸ்பிராக்-டாலி.’

‘வயதானால் அந்த இனத்துக்குத் தானாகவே கட்டி வருவது உண்டா?’

‘உண்டு. அதிகமாகவே வரும்.’

‘சோதனை எவ்வளவு காலம்?’

‘இரண்டு ஆண்டு.’

இதோடு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு கேள்வியில் வேலை முடிந்துவிட்டது. அதை விளக்கிச் சொல்லும் இடம் இறுதி வாதம். அவரோ ஆர்வத்தில், ‘அப்படியானால் உங்கள் ஆய்வு தவறுதானே?’ என்று ஐந்தாவதையும் கேட்டார். சாட்சி அதற்காகவே காத்திருந்தவர். இதே மக்காச்சோளத்துக்கு நிறுவனம் நடத்திய 90 நாள் சோதனையிலும் அதே இன எலியைத்தான் வைத்தார்கள், அப்போது யாரும் குறை சொல்லவில்லையே என்று நிதானமாகத் திருப்பிக் கொடுத்தார். மன்றம் சலசலத்தது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது எங்கள் தொழிலில் சீனியர்கள் ஜூனியர்களுக்கு முதலில் சொல்லித் தருவது. ஆனால் உண்மையைத் தேடும் உங்கள் மன்றத்தில் அந்த ஐந்தாவது கேள்வியால் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெளிவானது. எந்தக் கட்டுரையும் கூண்டில் கறைபடாமல் நிற்பதில்லை. எவ்வளவு கறையைத் தாங்கும் என்பதே அதன் மதிப்பு.

இங்கே ஒரு வேண்டுகோள். உயிரோடிருக்கும் அறிவியலாளரின் பெயரைச் சொல்லி அவராகவே நடிக்காதீர்கள். ‘இந்த ஆய்வைப் படித்த வல்லுநர்’ என்ற நிலையில் சாட்சி சொன்னால் போதும். அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைப்பது பொய்ச்சாட்சிதான்.

அன்றைய மன்றத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தவர் ஒரு விவசாயி. ஒட்டன்சத்திரம் பக்கம் கத்தரி போடுபவர். நிறுவனத் தரப்பு மாணவி அவரை முதல் விசாரணை செய்தார்.

‘ஐயா, ஒரு போகத்துக்கு எத்தனை தடவை மருந்து அடிப்பீங்க?’

‘கணக்கெல்லாம் வெக்கறதில்ல கண்ணு. குருத்து வாடித் தொங்குச்சுன்னா அடிப்போம். காய் பறிக்க ஆரம்பிச்சுட்டா வாரத்துக்கு ஒருக்கா. சமயத்துல ரெண்டு தரம்.’

‘அடிச்சா புழு சாகுதுங்களா?’

‘உள்ள பூந்துட்டா எங்க சாகறது? எச்சத்த வெச்சு ஓட்டைய அடைச்சுக்கும். மேல அடிக்கற மருந்து மேலயேதான் நிக்கும்.’

‘அப்புறம் ஏன் அடிக்கறீங்க?’

‘முட்டையில இருந்து வெளிய வர்றது சாகும்ல. அதுவுமில்லாம பக்கத்துக் காட்டுல அடிச்சு நாம அடிக்கலேன்னா பூச்சி பூராவும் இங்க வந்துரும்.’

‘அடிச்சு எத்தனை நாள் கழிச்சுக் காய் பறிப்பீங்க?’

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மாணவியும் அவசரப்படுத்தவில்லை, அதற்காகவே அந்தப் பெண்ணை மெச்சினேன்.

‘வெல இருந்தா மறுநாளே பறிக்கறதுதான்.’

பி.டி. கத்தரிக்கு ஆதரவாக அன்று யாரும் இதைவிட வலுவாக எதையும் நிறுவவில்லை. அடுத்து எதிர்த்தரப்பு எழுந்தது. விதை உரிமை பறிபோகும் என்பது அவர்கள் கட்டிவைத்திருந்த வாதம். ‘விதையை நீங்களே எடுத்து வெச்சுக்குவீங்கதானே, ஐயா?’ என்று கேட்டார் ஒரு மாணவர்.

‘நாட்டுக் கத்தரின்னா எடுப்போம். இப்பப் போடறது ஒட்டு ரகம். பண்ணையில குழித்தட்டு நாத்தா வாங்கறோம்.’

தயாரித்துக்கொண்டு வந்த வாதம் கண் முன்னால் சரிந்தது. அந்த மாணவர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, எழுதிக்கொண்டு வராத கேள்வி ஒன்றைக் கேட்டார். ‘அந்த நாத்துல புதுசா ஒரு ரகம் வந்தா, அது என்ன ரகம்னு உங்களுக்கு யாரு சொல்லுவாங்க?’

‘பண்ணைக்காரர்தான்.’

‘அவருக்கு?’

‘கம்பெனிக்காரங்க.’

நான் சொல்லும் விசாரணை இதுதான். சாட்சி சொன்னதைக் காதில் வாங்கினார், தன் வாதம் உடைந்ததை ஏற்றுக்கொண்டார், உடைந்த இடத்திலிருந்து அதைவிட நல்ல கேள்விக்குப் போனார். விதை யாருடையது என்ற பழைய முழக்கம் தள்ளப்பட்டு, விவசாயிக்குத் தெரிந்துகொள்ளும் வழி இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. அன்றைய மன்றத்தில் சிறந்த வக்கீல் பரிசு வேறொருவருக்குப் போனது. பரிசுக் குறிப்பை எழுதியவர்கள் குரல்வளத்துக்கும் சரளத்துக்கும் மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள், கேட்கும் திறனுக்கு ஒதுக்கவில்லை. உங்கள் மதிப்பெண் தாளில் அதைச் சேருங்கள். சாட்சிகளுக்கும் தனி மதிப்பெண் வையுங்கள்.

எந்தத் தரப்பில் நிற்பது என்பதை மன்றம் நடக்கும் நாள் காலையில் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அதுவரை இரண்டுக்கும் தயாராகுங்கள். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் ஒப்புவதில்லை. நம்பாததை எப்படி வாதாடுவது என்கிறார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் வாதாடும் தரப்பை நம்ப வேண்டும் என்று சட்டம் எந்த வக்கீலிடமும் கேட்பதில்லை. சாட்சியத்தைத் திரிக்காதே என்றுதான் கேட்கிறது. மரபணு மாற்றுப் பயிரை எதிர்ப்பவர், வங்கதேசத்தில் 2017-18-இல் விவசாயிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வை வரிவரியாகப் படிக்க நேர்ந்தால், பி.டி. கத்தரி போட்டவர்களுக்கு மருந்துச் செலவு குறைந்ததையும் விளைச்சல் கூடியதையும் பார்க்காமல் இருக்க முடியாது. ஆதரிப்பவர் பி.டி. பருத்தியின் கதையைப் படித்தால், 2002-இல் அனுமதி பெற்ற அந்தப் பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்கொண்டு வாழப் பழகிவிட்டதாக 2010-இலேயே செய்தி வந்துவிட்டதைக் கடந்துபோக முடியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் உங்கள் பழைய கருத்திலேயே நிற்கலாம். அப்போது அது காரணம் தெரிந்து நிற்பதாக இருக்கும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றக் கூடாது.

‘இடஒதுக்கீடு நியாயமா?’ என்று ஒரு மன்றம் நடத்தினால், இடஒதுக்கீட்டில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறை மாணவி அன்று தானே சான்றாவணம் ஆகிவிடுகிறாள். அவள் இங்கே இருக்கலாமா கூடாதா என்பதைச் சக மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக வாதாடுவதை அவள் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் அது அறமாகாது. ஒருவரின் சாதி, சமயம், பால், யாரை விரும்புகிறார் என்பது எதுவும் வழக்குப்பொருள் ஆகக் கூடாது. அரசின் முடிவும் அதன் கணக்கும் வழக்குப்பொருள் ஆகலாம், ஆகவும் வேண்டும். பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 விழுக்காட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய் என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டது. அதை எடுங்கள். அங்கே கூண்டில் நிற்பது ஓர் எண். அந்த எண்ணை எழுதியவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

துயரமும் அப்படியே. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களின் வீட்டார் இன்றும் அதே தெருக்களில் வாழ்கிறார்கள். ஸ்டெர்லைட் ஆலையின் உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆவணங்கள், நிலத்தடி நீர் அளவீடுகள், துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை என்று விசாரிக்க எவ்வளவோ இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக ஒருவர் கூண்டில் ஏறி அழுது நடிக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அந்த நடிப்புக்குக் கிடைக்கும் கைதட்டல் உங்களைக் கெடுக்கும்.

தீர்ப்பைப் பற்றி. நடுவர் ஒரே வரியில் வெற்றி யாருக்கு என்று அறிவித்துவிட்டுப் போகும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கத்தரிக்கு அடுத்துக் கடுகு வந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022-இல் கொடுத்த அனுமதி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலை 23 அன்று நீதிபதி பி.வி. நாகரத்னா அந்த அனுமதி செல்லாது என்றார்; நீதிபதி சஞ்சய் கரோல் அனுமதியை ஏற்றார். ஒரே ஆவணக்கட்டை, ஒரே வாதங்களைக் கேட்டவர்கள் இருவரும். மரபணு மாற்றுப் பயிருக்குத் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். எங்கே பிரிந்தார்கள், எங்கே சேர்ந்தார்கள் என்பதற்கு அவர்கள் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதியிருக்கிறார்கள். உங்கள் நடுவரும் காரணம் எழுதட்டும். பார்வையாளர்களிடமும் ஒரு தாளைக் கொடுங்கள்; ஒவ்வோர் எழுவினாவுக்கும் தனித்தனியாக மெய்ப்பிக்கப்பட்டது, படவில்லை என்று எழுதி, எந்தச் சாட்சியின் எந்தப் பதில் தங்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது என்றும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்களைப் படித்தால், உங்கள் இறுதி வாதத்தைப் பலர் மறந்துவிட்டதும் விவசாயியின் ‘மறுநாளே’ எல்லோர் கையெழுத்திலும் இருப்பதும் தெரியவரும்.

மன்றம் முடிந்த மறுவாரம் ஒரு கூட்டம் போடுங்கள். இரு அணியும் சேர்ந்து உட்கார்ந்து, எந்தச் சாட்சியாலும் பதில் சொல்ல முடியாமல்போன கேள்விகளை எழுதுங்கள். கத்தரி வழக்கில் அப்படி நின்றுபோன ஒன்று: நம் சந்தைகளுக்கு வரும் கத்தரிக்காயில் இன்று எவ்வளவு மருந்து எச்சம் இருக்கிறது? பி.டி. கத்தரியின் ஆபத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதே இந்தப் பதிலில்தான் தொங்குகிறது. இரு தரப்பிடமும் அது இல்லை. அந்த அணிகளைச் சேர்ந்த வேளாண் மாணவர்கள் இப்போது உழவர் சந்தைகளிலிருந்து காய்களை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சட்ட மாணவர்கள் அரசுத் துறைகளிடம் இருக்கும் எச்ச அளவீடுகளைக் கேட்டுத் தகவல் உரிமை மனு தயாரிக்கிறார்கள். மாதிரியை எந்த நாளில், எந்தக் கடையில், எத்தனை எடுப்பது என்று புள்ளியியல் மாணவர்கள் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். முடிவுகள் வந்ததும் வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு மறு விசாரணை நடந்தால் எழுதுங்கள், வருகிறேன். நடுவராக வேண்டாம், குறுக்கு விசாரணையைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க ஓர் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மன்றங்களின் நடுவர்களில் ஒருவன்